டைமரில் இயங்கும் வெந்நீர் ஹீட்டர்: இரவில் பிரேக்கர் விழுவது ஏன்?

கேள்வி (வெள்ளவத்தையிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் பெற்றோருடன் வசிக்கிறேன். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. மூட்டுவலி இருப்பதால், விடியற்காலையில் வெந்நீரில் குளித்தால்தான் அவரால் அன்று முழுவதும் ஓரளவு சிரமமின்றி நடமாட முடிகிறது. எங்கள் மின்மானி நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் மாறும் வகையைச் சேர்ந்தது. ஆகவே 50 லீட்டர் கொள்ளளவும் 2 கிலோவாட் வலுவும் கொண்ட ஹீட்டரை, உச்சமற்ற நேரமான இரவு 10.30க்கும் காலை 5.30க்கும் இடையில் மட்டும் இயங்கும்படி ஒரு டைமரின் வழியாக இணைத்திருக்கிறோம்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு நாள் இரவு 10.50 அளவில் பிரேக்கர் விழுந்து வீடு முழுவதும் இருண்டது. அதன் பிறகு ஏறத்தாழ ஒவ்வொரு இரவும் அப்படியே நடந்தது. கடந்த நான்கு நாட்களாக, டைமர் இணைந்த கணமே விழுகிறது. நேற்றுப் பகலில், டைமர் ஹீட்டரை நிறுத்தியிருந்த வேளையில், அம்மா துணிகளை அயன் செய்துகொண்டிருந்தபோதும் ஒருமுறை விழுந்தது. அப்பாவின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருப்பதால், நாங்கள் உறங்கும்போது மின்சாரம் போய்விடுமோ என்ற அச்சத்தில் இரவில் மாறி மாறி விழித்திருக்கிறோம். பார்க்க வந்த ஒருவர், ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரடியாக இணைத்தால் தொல்லை தீரும் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. அடுத்து என்ன செய்யலாம் என்று அறிந்தவர்கள் கூறுவீர்களா?

மறுமொழி (கொட்டாஞ்சேனை, வயரிங் வேலை செய்பவர்)

தங்கச்சி, முதலில் உங்கள் அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சைக் கழற்றச் சொன்னவரை மீண்டும் அந்தப் பெட்டியைத் திறக்க விடாதீர்கள். லைவ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் ஒன்றுக்கொன்று சமமாக இருக்கின்றனவா என்பதைத்தான் அந்தச் சுவிட்ச் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வீடுகளில் பொருத்தப்படுவது பெரும்பாலும் 30 மில்லி அம்பியருக்குரியது. அந்த அளவுக்கு மின்சாரம் வேறு வழியில், அதாவது எர்த் கம்பியிலோ ஈரத்தரையில் நிற்கும் மனிதரின் உடலிலோ கசிந்தால், அது உடனே துண்டித்துவிடும். குளியலறையில் அப்பாவுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருக்கும் காவல் அதுதான்.

வீடு முழுவதும் இருண்டது என்று எழுதியிருப்பதால், விழுந்தது ஹீட்டருக்குரிய சின்ன பிரேக்கர் அல்ல, ட்ரிப் சுவிட்ச்தான் என்று கொள்கிறேன். இந்த வேறுபாடு மிக முக்கியமானது. 230 வோல்ட்டில் 2 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 8.7 அம்பியர்தான் எடுக்கும் என்பதால், 16 அல்லது 20 அம்பியர் பிரேக்கருக்கு அது சுமையே அல்ல. சின்ன பிரேக்கர் விழுந்திருந்தால், தளர்ந்த முனையையோ குறுக்குச்சுற்றையோ தேடச் சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் நடப்பது கசிவு.

பகலில் அயன் செய்யும்போது விழுந்தது என்ற செய்தியே எனக்கு எல்லாவற்றையும் விடப் பயன்பட்டது. பெரும்பாலான டைமர்கள் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. ஹீட்டர் நின்றிருக்கும் போதும் நியூட்ரல் கம்பி, தண்ணீரைச் சூடாக்கும் கம்பியான எலிமென்ட்டுடன் தொடர்பில் இருக்கிறது. எலிமென்ட்டின் உறை வெடித்து அதன் உட்கம்பி தண்ணீரைத் தொட்டுவிட்டால், நியூட்ரல் அந்த இடத்தில் எர்த்துடன் சேர்ந்துவிடும். அயன் போன்ற பெரிய சுமை ஒன்று இயங்கும்போது, திரும்பிச் செல்லும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு எர்த் வழியாகப் பிரிந்து போகும். ட்ரிப் சுவிட்ச் அதையும் கண்டுகொள்ளும். முதலில் இருபது நிமிடம் தாங்கியதும், இப்போது உடனே விழுவதும் இதனோடு பொருந்துகின்றன. எலிமென்ட்டின் உட்கம்பியைச் சூழ்ந்திருப்பது மக்னீசியம் ஒக்சைட் தூள், அது ஈரத்தை உறிஞ்சக்கூடியது. உறையில் விழுந்த மயிரிழைப் பிளவு தொடக்கத்தில் சூட்டில் விரிந்த பிறகே தண்ணீரை உள்ளே விட்டிருக்கும். இப்போது தூள் முழுவதும் ஊறிவிட்டது என்று நினைக்கிறேன்.

இதை நீங்களே ஓரளவு உறுதிப்படுத்தலாம். குளியலறைக்கு வெளியே சிவப்பு விளக்குடன் ஹீட்டருக்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது லைவ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே துண்டிக்கும் இருமுனைச் சுவிட்சாக இருந்தால், அதை அணைத்துவிட்டு ஒரு முழு நாள் டைமரை வழக்கம்போல் இயங்க விடுங்கள். ட்ரிப் சுவிட்ச் ஒருமுறையும் விழாவிட்டால் குற்றம் ஹீட்டருக்குள் இருக்கிறது. விழுந்தால் டைமரையும் அதுவரை செல்லும் வயரையும் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் பல்லி புகுந்து கருகிக் கிடந்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஹீட்டரின் மூடியை மட்டும் நீங்கள் திறக்க வேண்டாம்.

மறுமொழி (தெஹிவளை)

மேலே அண்ணா எழுதியதை ஏற்கிறேன். ஆனால் எலிமென்ட் ஏன் வெடித்தது என்பதையும் பார்க்காவிட்டால், புதிய எலிமென்ட்டும் சில மாதங்களில் அதே கதிக்கு ஆளாகும். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் பகுதியில் நீர்வெட்டு ஏதும் இருந்ததா? ஹீட்டருக்குக் குளிர்நீர் வரும் குழாயில் ஒருவழி வால்வு இல்லையென்றால், மேல்தாங்கி வற்றி, யாரேனும் வெந்நீர்க் குழாயைத் திறக்கும் வேளையில் ஹீட்டரின் தண்ணீர் வந்த வழியே கீழே இறங்கிவிடக்கூடும். அன்றிரவு டைமர் இணைந்தால் எலிமென்ட் தண்ணீரில்லாமல் எரியும். இன்னொன்று, உங்கள் தொடர்மாடிக்கு வருவது நீர்க்குழாய்த் தண்ணீரா, குழாய்க் கிணற்றுத் தண்ணீரா? களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் தண்ணீர் மென்மையானது. கடலோரக் கிணற்று நீரில் உப்பு கலந்திருந்தால் உறை அரிக்கும்.

கேள்வி கேட்டவர்

நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. இது தொடங்குவதற்கு முந்தைய நாள் காலை முதல் மறுநாள் விடியும் வரை நீர்வெட்டு இருந்தது. அன்று மாலை தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க நான்தான் வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. எங்களுக்கு வருவது நீர்க்குழாய்த் தண்ணீர்தான், கிணற்று நீர் அல்ல. இருமுனைச் சுவிட்சை அணைத்து ஒரு நாள் முழுவதும் காத்திருந்தோம். ட்ரிப் சுவிட்ச் விழவே இல்லை.

மறுமொழி (கொட்டாஞ்சேனை)

அப்படியானால் ஐயமில்லை. பழுதுபார்க்க வருபவரிடம் 500 வோல்ட் மெகர், அதாவது உயர் வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் மானி, கொண்டுவரச் சொல்லுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளப்பதால், இத்தகைய கசிவைத் தவறவிட்டு எலிமென்ட் நன்றாக இருக்கிறது என்று காட்டிவிடக்கூடும். இரண்டு வயர்களையும் கழற்றி, எலிமென்ட்டுக்கும் ஹீட்டரின் உலோக உடலுக்கும் இடையே அளக்கும்போது ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எலிமென்ட்டை மாற்றியாக வேண்டும். எலிமென்ட்டின் இரு முனைகளுக்கு இடையே சுமார் 26 ஓம் காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், உறை வெடித்த எலிமென்ட்டும் அதைக் காட்டும். திறந்த கையோடு, தாங்கி அரிக்காமல் இருக்கத் தானே கரையும் மக்னீசியம் அனோட் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள், கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

ஹீட்டருக்கென்று தனியாக ஓர் ஆர்.சி.பி.ஓ. (சின்ன பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும் ஒன்றாக அமைந்தது) போட முடியுமானால், அதன் நியூட்ரலையும் மற்றவற்றிலிருந்து பிரித்து அமைக்கச் சொல்லுங்கள். அப்போது கசிவு வந்தால் பெரும்பாலும் ஹீட்டர் மட்டுமே நிற்கும், இன்சுலின் இருக்கும் பெட்டி நிற்காது. மேலும், ஏழு மணி நேரம் இணைத்து வைப்பது தேவையில்லை. 28 பாகையில் இருக்கும் 50 லீட்டர் தண்ணீரை 60 பாகைக்கு ஏற்ற ஏறத்தாழ 1.9 அலகு போதும், 2 கிலோவாட்டில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதிகாலை 4.00 மணிக்கு இணையும்படி வைத்தால் கட்டணமும் உச்சமற்றதே, ஏதேனும் விழுந்தாலும் சிறிது நேரத்தில் வீட்டில் யாராவது எழுந்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று வேறொருவர் வந்து பார்த்தார். மெகரில் முள் பூச்சியத்திலேயே நின்றது. கழற்றிய எலிமென்ட்டின் மேல் வளைவு கருகி, நீளவாக்கில் பிளந்திருந்தது. புதிய எலிமென்ட், அனோட் கம்பி, ஒருவழி வால்வுடன் கூடிய பாதுகாப்பு வால்வு, தனி ஆர்.சி.பி.ஓ. ஆகியவற்றைப் பொருத்தினார். பழைய டைமர் லைவை மட்டுமே துண்டித்தது என்பதையும் சோதித்துக் காட்டி, லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் கொன்டாக்டர் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றைச் சேர்த்தார். கடைசியில் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அம்மாவையே அழுத்தச் செய்து, அது விழுவதைக் காட்டினார். இன்று காலை ஐந்து மணிக்கு அப்பா வெந்நீரில் குளித்தார். நாங்கள் மூவரும் இரவு முழுவதும் உறங்கியிருந்தோம். நீர்வெட்டு அறிவிக்கப்படும் நாட்களில் ஹீட்டரின் சுவிட்சை அணைத்து வைக்க வேண்டும் என்று குளியலறைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.