ஒரே வீட்டுல ரெண்டு நாடு எப்படி ஆச்சு?

கெடிலக்கரை:
நான் கடலூர் மஞ்சக்குப்பம், அம்மா பொறந்த வீடு பாகூர், முன்னாடி பிரெஞ்சுக்காரங்க ஆண்ட புதுச்சேரியில இருக்கு. தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே வீட்டுல வளந்தவங்க, ஆனா தாத்தா இந்தியர், சின்ன தாத்தா பிரெஞ்சு பிரஜை. போன மாசம் கல்யாணத்துக்கு சின்ன தாத்தா பேரன் பாரிஸ்லேர்ந்து வந்தான், தமிழ் நல்லாவே பேசறான், பந்தில உக்காந்து "எங்க நாட்டுல இப்படி இல்ல"ன்னு சொன்னதும் மாமாவுக்கு முகமே மாறிடுச்சு. எனக்கு மனசே ஆறல. 1954ல புதுச்சேரி இந்தியாவோட சேந்தப்பவே எல்லாரும் இந்தியர் ஆகிடலையா?

வில்லியனூரான்:
இல்லைங்க. 1954 அக்டோபர் 18 புதுச்சேரி கீழூர் கிராமத்துல 178 மக்கள் பிரதிநிதிங்க ஓட்டு போட்டாங்க, 170 பேர் இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேர் வேணாம்னாங்க. நவம்பர் 1 நிர்வாகம் கை மாறிச்சு, அவ்ளோதான். 1956ல ஒப்பந்தம் கையெழுத்தாகியும் பிரெஞ்சு பார்லிமென்ட் ஒத்துக்க வருஷக்கணக்கா இழுத்து, சட்டப்படி சேந்தது 1962 ஆகஸ்ட் 16. அதுலேர்ந்து ஆறு மாசம் டைம். இங்கயே பொறந்து இங்கயே இருந்தவங்க பிரெஞ்சா இருக்கணும்னா எழுதிக் குடுக்கணும், குடுக்கலன்னா தானா இந்தியர். இந்தியாவுக்கு வெளிய குடியிருந்தவங்களுக்கு அப்படியே தலைகீழ், இந்தியர் ஆகணும்னாதான் எழுதிக் குடுக்கணும்.

முத்தியால்பேட்டை:
எங்க வீட்டை தெருவுல சொல்தா (சிப்பாய்) வீடுன்னுதான் சொல்லுவாங்க, தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல வியட்நாம் சைகோன்ல இருந்தவர், அந்த பென்ஷன்லதான் எங்கப்பா படிச்சார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்னைக்கு பீச் ரோடு போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல் குத்திட்டு போவார், பொங்கலுக்கு வாசல்ல கோலம் போட்டு பானையும் வைப்போம், ரெண்டும் எங்களுதுதான். ஸ்கூல்ல என்னை துரோகி வீட்டு பையன்னு சொன்னாங்க, அது இன்னைக்கும் வலிக்குது. கடலூர் பக்கம் பிரிட்டிஷ்காரன் 1947ல போனப்ப யாரையும் நீ எந்த நாடுன்னு கேக்கல, எங்களை கேட்டாங்க, கேட்டதாலதான் வீடு ரெண்டாச்சு. அந்த பையன் பொறந்து வளந்த இடத்தை எங்க நாடுன்னு சொன்னா அதுல தப்பு என்னங்க இருக்கு, மாமாகிட்ட தயவுசெஞ்சு சொல்லுங்க.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி, கண் கலங்கிடுச்சு. இன்னைக்கு அம்மாகிட்ட கேட்டேன். சின்ன தாத்தா அப்ப ரியூனியன்ங்கற பிரெஞ்சு தீவுல இருந்தாராம், அதனால எதுவும் எழுதலையாம். தாத்தாவும் எழுதல, சம்பா நடவு நேரம், வயலை விட்டுட்டு டவுனுக்கு யார் போறதுன்னு இருந்துட்டாராம். ரெண்டு பேருமே ஒரு பேப்பர்லயும் கையெழுத்து போடல. இதை மாமாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு அந்த பையன் நம்பரை கேட்டு வாங்கிக்கிட்டார்.