மடக்கு சைக்கிளுக்கு எந்த டயர் போடலாம்? கடலூர் – பாண்டி தினசரிப் பயணம்

புலியூர் பயணி

வீடு கடலூர், வேலை லாஸ்பேட்டை. திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி, பாண்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, மடக்கு சைக்கிளை விரித்து இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை வழியாகப் போகிறேன். வண்டியோடு வந்த டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. பின் டயரில் பக்கவாட்டு நூலே வெளியே தெரிகிறது. டயரில் 20 x 1.75 என்றும், பக்கத்தில் 47-406 என்றும் அச்சாகியிருக்கிறது.

ஷ்வால்பே மாரத்தான் ப்ளஸ் போடலாமா, அதே கம்பெனியின் கோஜாக் மாதிரி வழவழப்பான ஒல்லி டயர் போடலாமா, இல்லை நம்ம ஊர்க் கடையில் கிடைக்கிற டயரே போதுமா? மட்கார்ட், லைட், பை மாட்டுகிற ஏற்பாடு எல்லாம் சேர்த்தே செய்யப் போகிறேன். என் எடை 78 கிலோ, கூட லேப்டாப் பை. பஸ்ஸில் தூக்கி ஏற்றி இறக்க வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

கோரிமேடு 406

யோசிக்கவே வேண்டாம் சார், மாரத்தான் ப்ளஸ். மேல் ரப்பருக்கும் உள்ளே இருக்கிற நூல் அடுக்குக்கும் நடுவில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தனியாக ஒரு ரப்பர் பட்டை வைத்திருக்கிறார்கள். சின்ன ஆணி முழுசாக இறங்கினாலும் டியூபைத் தொடாது. நம்ம பக்கம் சாலை ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள், உடைந்த பாட்டில் கண்ணாடி, வெல்டிங் பட்டறைக் கம்பித் துணுக்கு. வேலைக்குப் போகிறவருக்கு வேண்டியது நம்பிக்கை. பஞ்சராகி, வேர்த்து விறுவிறுத்து ஆபீசுக்கு அரை மணி தாமதமாகப் போய் நின்றால் அங்கே யாரும் டயரின் எடையைக் கேட்க மாட்டார்கள்.

வேகமிதி

முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நண்பர் சொன்னதை முழுசாக மறுக்கிறேன். மடக்கு சைக்கிளின் கஷ்டமே அதன் சின்னச் சக்கரம்தான். 47-406 டயர் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டரும் கொஞ்சமும்தான் போகும். அதாவது ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 640 சுற்று. ரேஸ் சைக்கிள் சக்கரத்துக்கு அது சுமார் 470. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு இடமும் தரையில் அமுங்கி மறுபடி நிமிர்கிறது. அந்த ரப்பர் எவ்வளவு தடியாகவும் விறைப்பாகவும் இருக்கிறதோ அவ்வளவு உழைப்பு வீண். சக்கரம் சின்னது என்பதால் டயர் மடங்குகிற வளைவும் அதிகம். மாரத்தான் ப்ளஸ் போட்டு லாஸ்பேட்டை மேட்டை ஏறிப் பாருங்கள், தொடை சொல்லும்.

கோஜாக் 35-406 போடுங்கள். தார் ரோட்டில் டயரின் மேல் வெட்டியிருக்கிற கோடுகளால் ஒரு லாபமும் கிடையாது. மழையிலும் அப்படித்தான். கார் டயர் வேகத்தில் தண்ணீர் மேல் மிதப்பது மாதிரி சைக்கிள் மிதக்காது, நம்ம வேகத்துக்கு அது நடக்கவே நடக்காது. பிடிமானம் ரப்பரின் தரத்தில் இருக்கிறது.

மஞ்சக்குப்பம் கடைக்காரர்

இந்த வேலையிலேயே இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். முதலில் அந்த 406 என்ற எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். அதற்கு முன்னால் இருக்கிற 47 டயரின் அகலம். 20 அங்குலம் என்று எழுதிய மடக்கு சைக்கிளிலேயே 451 ரிம் உள்ள வண்டியும் உண்டு. 20 x 1 3/8 என்று பின்னத்தில் போட்டிருந்தால் பெரும்பாலும் அதுதான். அதில் 406 டயர் ஏறாது. 1.75 என்பதும் 1 3/4 என்பதும் பள்ளிக்கூடக் கணக்கில் ஒன்று, டயரில் வேறு வேறு. அதனால் அங்குலத்தை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

உங்களுடையது 406 என்பது நல்ல விஷயம். பையன்கள் ஓட்டுகிற 20 அங்குல சைக்கிளின் அளவும் அதுதான். அந்த டியூப் கடலூர் ஓ.டி.யிலும் கிடைக்கும், கிருமாம்பாக்கத்திலும் கிடைக்கும். 451 வைத்திருப்பவர் டியூபுக்குச் சென்னைக்கோ ஆன்லைனுக்கோதான் போக வேண்டும்.

கோஜாக் பற்றி ஒன்று. 78 கிலோ ஆள், மேலே பை, சின்னச் சக்கரம். பெரிய சக்கரம் தாண்டிவிடுகிற பள்ளத்தில் இது முழுசாக இறங்கும். 35 மில்லிமீட்டர் டயரில் காற்று கொஞ்சம் குறைந்திருந்தாலும் பள்ளத்தின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். முள் பஞ்சர் என்று நினைத்து நாள் முழுக்க முள்ளைத் தேடுவார்கள். அது முள் இல்லை, காற்றுக் குறைவு.

கோரிமேடு 406

கடைக்காரர் அண்ணன் சொன்னதே என் கட்சிக்குத்தான் பலம். அகலம் 47, உள்ளே பட்டை. அப்புறம் என்ன?

மஞ்சக்குப்பம் கடைக்காரர்

அவசரப்படாதீர்கள் தம்பி. மாரத்தான் ப்ளஸ் நல்ல டயர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பஞ்சர் ஆகாத டயரும் ஒருநாள் கழற்ற வேண்டி வரும். வால்வு அடியில் கிழியும், ரிம் டேப் நகர்ந்து ஸ்போக் தலை டியூபைக் குத்தும். இந்தப் பஞ்சரை எந்தத் தடி டயரும் தடுக்காது. ஓட்டை டியூபின் உள்பக்கத்தில் இருந்தால் இதுதான் காரணம்.

அப்போது அந்த விறைப்பான டயரைச் சின்ன ரிம்மிலிருந்து எடுப்பது பெரும்பாடு. வழியில் இருக்கிற டூ வீலர் பஞ்சர் கடையில் கொடுத்தால் இரும்பு லீவரைப் போட்டு நெம்புவார். புது டியூபிலேயே கீறல் விழும், ரிம் ஓரமும் கோணும். சரியான முறை வேறு. காற்றை முழுசாக இறக்கிவிட்டு, சுற்றிலும் டயரின் இரண்டு விளிம்பையும் கட்டை விரலால் அமுக்கி ரிம்மின் நடுவில் உள்ள பள்ளத்துக்குத் தள்ள வேண்டும். அந்தப் பள்ளத்தில் விட்டம் குறைவு. அதனால் எதிர்ப்பக்கத்தில் ஒரு விரல் அளவு தளர்ச்சி கிடைக்கும், அங்கிருந்து பிளாஸ்டிக் லீவரால் எடுக்கலாம். மாட்டும்போது வால்வு பக்கம் கடைசியாக வரட்டும். இதைச் செய்யத் தெரிந்தவர் வாங்கட்டும். தெரியாதவர் நடுவழியில் நிற்கும்போது 5 மில்லிமீட்டர் பட்டை கைகொடுக்காது.

நான் சொல்வது: சாதாரண மாரத்தான் 47-406. அதிலும் பட்டை இருக்கிறது, தடிமன் கம்மி, விரலுக்கு வளையும். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வெள்ளைக் கோடும் உண்டு. கைச்செலவு இடிக்கிறது என்றால் ரால்சன், மெட்ரோ போன்ற நம்ம நாட்டு டயரில் நல்லதாகப் பார்த்துப் பின்னால் போடுங்கள். முடிந்தால் நூல் தெரிகிற அந்த டயரை இன்றே கழற்றுங்கள், அது வெடிக்கிற டயர்.

வேகமிதி

அகலத்தில் உடன்படுகிறேன், தடிமனில் இல்லை. ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர் குறைவாகவே அமுங்குகிறது, அதனால் லேசாக உருளும், உண்மை. அப்படியென்றால் அதே ஷ்வால்பேயின் பிக் ஆப்பிள் 50-406 எடுக்கலாமே? மெல்லிய ரப்பர், நிறையக் காற்று. பள்ளத்தையும் தாங்கும், மிதிக்கவும் லேசு. மாரத்தானுக்கு என்ன அவசியம்?

அரியாங்குப்பம் மீனவர் வீட்டுப் பெண்

50 டயர் வாங்கும் முன் பின்பக்க ஃபிரேமில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள் அண்ணா. டயரின் இரண்டு பக்கமும் குறைந்தது ஐந்து, ஆறு மில்லிமீட்டர் காலியாக இருக்க வேண்டும், மட்கார்ட் மாட்டினால் அதற்கும் சேர்த்து. மழையில் சேறு அப்பிக்கொண்டால் அந்த இடம்தான் காப்பாற்றும். மடிக்கும்போது இரண்டு சக்கரமும் ஒட்டி நிற்கிற வண்டியில் டயர் தடித்தால் சக்கரங்களைச் சேர்த்துப் பிடிக்கிற காந்தம் ஒட்டாது, பஸ் படியில் தூக்கும்போது பாதியில் விரியும்.

டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்கார்ட் இல்லாமல் ஒருநாள் போனாலே சட்டை முதுகில் கோடு விழும். முழு நீள மட்கார்ட் வேண்டும், முன் மட்கார்டின் அடியில் ரப்பர் மடல் தரையை நெருங்கி இருக்க வேண்டும். அந்த மடல் இல்லாததால்தான் செயினிலும் பெடல் பேரிங்கிலும் தண்ணீர் போகிறது.

பைக்கு பின் கேரியரை நம்பாதீர்கள். சின்னச் சக்கரம் என்பதால் கேரியர் தாழ்வாக இருக்கும், பக்கவாட்டுப் பை மாட்டினால் குதிகால் ஒவ்வொரு மிதிக்கும் இடிக்கும். ஹேண்டில்பாரில் தொங்கவிடவும் கூடாது, நீளமான ஹேண்டில் கம்பி ஆடும், திருப்பும்போது பாரம் இழுக்கும். ஃபிரேமின் முன் கழுத்தில் ஒரு கட்டை பொருத்தி அதில் பையைச் செருகுகிற ஏற்பாடு பிராம்ப்டன், டேர்ன் வண்டிகளில் உண்டு. ஹேண்டில் திரும்பினாலும் பை திரும்பாது. உங்கள் வண்டியின் கழுத்தில் அதற்கான திருகு ஓட்டை இருந்தால் அதுவே நல்லது.

புலியூர் பயணி

அளந்துவிட்டேன். டயர் போக இடப்பக்கம் 7, வலப்பக்கம் 6 மில்லிமீட்டர். கழுத்தில் ஓட்டை இல்லை. டைனமோ லைட் போடலாமா? வால்வு எது நல்லது?

கோரிமேடு 406

6 மில்லிமீட்டர்தான் என்றால் 50 டயரும் மட்கார்டும் சேர்ந்து நெருக்கும். அந்தக் கதை முடிந்தது. டயரில் உரசி ஓடுகிற பாட்டில் டைனமோ வேண்டாம், டயரின் பக்கவாட்டைத் தின்னும். யூஎஸ்பி சார்ஜ் லைட் இரண்டு போதும், பஸ்ஸில் ஏறும்போது கழற்றிப் பையில் போடலாம்.

மஞ்சக்குப்பம் கடைக்காரர்

வால்வு: ரிம் ஓட்டை 8 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் மோட்டார் சைக்கிளுக்கு இருக்கிற அதே தடி வால்வு டியூப் போடுங்கள். எங்கே நின்றாலும் காற்று கிடைக்கும். ஆனால் பெட்ரோல் பங்க் கம்ப்ரஸரை நேராக வைத்து அடிக்க விடாதீர்கள். சின்ன டியூபில் காற்று கண்மூடித் திறக்கும் முன் நிறைந்து வெடிக்கும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், இல்லை என்றால் மீட்டர் வைத்த கைப் பம்ப் வாங்குங்கள். டயரின் பக்கத்தில் எழுதிய அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது. உங்கள் எடைக்குப் பின்னால் 55, 60 பி.எஸ்.ஐ., முன்னால் பத்து குறைத்து ஆரம்பியுங்கள். பாரத்தில் பெரும்பங்கு பின் சக்கரத்தில்தான் விழுகிறது, பஞ்சரும் அங்கேதான்.

வேகமிதி

அப்படியென்றால் பின்னால் மாரத்தான், முன்னால் மெல்லிய டயர் என்று பிரித்துப் போடலாமே? முன் சக்கரத்தில் பாரமும் குறைவு, பஞ்சரும் குறைவு. தூக்கும்போது கொஞ்சம் எடையும் மிஞ்சும்.

கோரிமேடு 406

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். முன் டயர் திடீரென்று காற்றிழந்தால் ஹேண்டில் கைவிட்டுப் போகும், பின் டயருக்கு அப்படி நேர்ந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடலாம். பத்திரமான டயர் முன்னால்தான் வேண்டும். காமராஜ் சாலையில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் போகிறவருக்கு எடையைச் சொல்லி ஆசை காட்டாதீர்கள்.

அரியாங்குப்பம் மீனவர் வீட்டுப் பெண்

இன்னொன்று, இது கடலோர ஊர்க்காரர்கள் எல்லோருக்கும். சில்வர் பீச்சோ பாண்டி கடற்கரைச் சாலையோ, போய் வந்தால் உப்பு ஒட்டும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஸ்போக், செயின், மடக்குக் கீல் எல்லாம் துடைக்க வேண்டும். கீலின் ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். சீட்டுக் கம்பிக்கு மட்டும் எண்ணெயோ கிரீஸோ கூடாது. மடக்கு சைக்கிளில் அந்த நீளக் கம்பியை ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடிப்பதுதான் மொத்த பலம். எண்ணெய் பட்டால் உட்காரும்போது சீட் மெல்ல இறங்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

புலியூர் பயணி

முன்னும் பின்னும் சாதாரண மாரத்தான் 47-406, தடி வால்வு டியூப், முழு மட்கார்ட், மடலோடு. பை முதுகிலேயே இருக்கட்டும். ரிம் ஓட்டையை அளந்தேன், எட்டரை மில்லிமீட்டர் இருக்கிறது. மஞ்சக்குப்பம் அண்ணே, டயர் வந்ததும் கடைக்கே கொண்டு வருகிறேன், அந்த ரிம் பள்ளத்தில் தள்ளுகிற வேலையை என் கையாலேயே செய்ய வேண்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

வேகமிதி

முன் டயர் விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் நூல் தெரிகிற டயரோடு ஆன்லைன் பார்சலுக்குக் காத்திருக்காதீர்கள். கடைக்காரரிடம் இருக்கிற எந்த 47-406 ஆனாலும் பின்னால் மாட்டிக்கொண்டு போங்கள்.