மறு: ‘தீங்கு குறைப்பு’ சரியான சொல்தானா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். போதைப்பொருள் எடுப்பவர்களுக்கான நம் துண்டறிக்கையில் ‘ஹார்ம் ரிடக்ஷன்’ (harm reduction) என்பதற்குத் ‘தீங்கு குறைப்பு’ என்றே முடிவு செய்துவிடலாம் என்று மதுரை நண்பர் எழுதியிருந்தார். எனக்கு மனசு ஒப்பவில்லை. பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இந்தச் சொல்லை ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போதைப்பொருள் எடுக்கிறவரிடம் ‘முதலில் விட்டுவிட்டு வா’ என்று நிபந்தனை போடாமல், விடுகிற வரைக்கும் அவர் சாகாமலும் நோய்த்தொற்று வாங்காமலும் இருக்க வழிசெய்வதுதான் இந்தச் சொல்லின் பொருள். சுத்தமான ஊசி கொடுப்பது, ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவக் கண்காணிப்பில் புப்ரினார்ஃபின் கொடுப்பது, ஓபியாய்டு, அதாவது ஹெராயின் போன்ற அபின் வகைச் சரக்கு, மிஞ்சி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நலோக்சோன் மருந்து கொடுப்பது எல்லாம் இதில் அடக்கம். 1984ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு மருந்துக் கடைக்காரர் ஊசி விற்பதை நிறுத்தினார். ஒரே ஊசியைப் பலர் போட்டு மஞ்சள்காமாலை பரவிவிடுமே என்று பயந்து, பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் வேலையைத் தொடங்கியவர்கள் போதைப்பொருள் எடுப்பவர்களின் சங்கத்தார்தான்.

அந்தக் கடைக்காரர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். கத்திரி வெயிலில் முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டுக்கொண்டு ஒரு பையன் வருவான். “அண்ணாச்சி, ரெண்டு ஊசி தாங்க” என்பான். “சீட்டு இருக்காடே?” என்பேன். பேசாமல் போய்விடுவான். மூன்றாம் வாரம் வந்தபோது கையை மேசைமேல் வைக்கச் சொல்லிச் சட்டையை மடித்துப் பார்த்தேன். முழங்கை மடிப்புக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்குச் சீழ்க்கட்டி, சுற்றிலும் தோல் மினுமினுவென்று சிவந்து கிடந்தது. வலிமாத்திரையைப் பொடித்து, மூன்று பேர் ஒரே ஊசியில் ஏற்றியிருக்கிறார்கள். மாத்திரை வயிற்றுக்காகச் செய்தது. அதைச் சேர்த்துப் பிடிக்கக் கலந்திருக்கும் மாவும் சுண்ணமும் ரத்தக்குழாயில் கரையாது. அடைத்துக்கொள்ளும், புண்ணாக்கும். அன்றைக்கு நான் ஊசி கொடுத்திருந்தால் தொற்றாவது பரவாமல் இருந்திருக்கும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். கட்டி ஆறிய பிறகு அவனிடம் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தேன். தலைப்பு ‘தீங்கு குறைப்புச் சேவைகள்’. படித்துப் பார்த்துவிட்டு, “நான் யாருக்கு அண்ணாச்சி தீங்கு பண்ணுனேன்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. தமிழில் தீங்கு என்றால் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது. தீங்கிழைத்தான் என்போம், தீங்கு நினைக்காதே என்போம். ஆங்கிலத்தில் போதைப்பொருளின் மேல் விழுகிற பழி, தமிழில் அந்த ஆளின் மேல் போய் விழுந்துவிடுகிறது. வெட்கத்தில் ஏற்கெனவே ஒளிந்து நடக்கிறவனை இன்னும் ஒளியச் சொல்கிற சொல் நமக்கு வேண்டாம்.

‘கேடு தவிர்ப்பு’ அதைவிட மோசம். கேடு என்கிற சொல் மதுப்பாட்டில் ஒட்டுத்தாளில் பல காலமாக இருக்கிறது. யாரும் அதைத் தனக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்வதில்லை. ‘சேதாரக் குறைப்பு’ என்றால் நகைக்கடை விளம்பரம்தான் நினைவுக்கு வரும். ‘இடர் தணிப்பு’ நல்ல சொல், ஆனால் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருநெல்வேலியில் இடர் என்றால் தாமிரபரணி வெள்ளம்தான். தவிர, இடர் என்பது வரக்கூடியது. கையில் கட்டியோடு வருகிறவனுக்கு அது வந்தேவிட்டது.

எங்கள் குளங்களின் மறுகாலை, அதாவது குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழியை, வைத்து ஒரு சொல் செய்யலாமா என்றுகூட யோசித்தேன். மழையை நிறுத்த முடியாது, மறுகால் இருந்தால் கரை உடையாது. கருத்து கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் மறுகால் என்றால் சென்னையில் விளங்காது. விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை ‘பாதிப்புத் தணிப்பு’. அந்தப் பையன் கட்டியைக் காட்டியபோது, “கைக்குப் பாதிப்பாயிருமா?” என்றுதான் கேட்டான். பாதிப்பு என்பதில் குற்றவாளி இல்லை. வெயில் பாதிக்கும், மழை பாதிக்கும். தணிப்பு என்பதும் பொருந்துகிறது. காய்ச்சல் தணிந்தது என்றால் நோய் தீர்ந்தது என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் அன்றிரவு ஆள் தூங்குவார். குறைப்பு என்றால் எடைக்குறைப்பு மாதிரி, போதையின் அளவைக் குறைக்கச் சொல்வதாகவே பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பாதிப்பு வடமொழி வேர் என்று தூத்துக்குடி ஆசிரியர் சொல்வார். உண்மைதான். அவர் ‘ஊறுதணிப்பு’ என்றால் அகராதியில் சேர்க்க மறுக்கமாட்டேன். கடை வாசலில் ஒட்டப் ‘பாதிப்புத் தணிப்பு’தான் வேண்டும்.

துண்டறிக்கையில் இன்னொரு சொல்லும் மாற வேண்டும். மயங்கியவரைப் பக்கவாட்டில் கிடத்தும் முறைக்கு ‘மீட்பு நிலை’ என்று போட்டிருக்கிறது. அதைப் படித்து யாருக்கும் எப்படிக் கிடத்துவது என்று தெரியாது. நம்மிடம் ‘ஒருக்களித்துப் படு’ என்கிற சொல் வீட்டுக்கு வீடு இருக்கிறதே! ‘ஒருக்களிப்பு நிலை’ என்று போட்டால் படம்கூட வேண்டாம். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. மகனைப் பறிகொடுத்த ஒரு தாயார் என் கடையில் உட்கார்ந்து, “கொறட்டை விடுதான், நல்லாத் தூங்குதான்னுல்லா நெனச்சேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது தூக்கக் குறட்டை இல்லை, மூச்சுக்குழல் அடைபடும் சத்தம். உதடு நீலம் பாய்ந்து, எழுப்பினாலும் எழாமல் கிடந்தால் உடனே 108ஐக் கூப்பிட வேண்டும். மூச்சு நின்றிருந்தால் ஊதிக் கொடுக்க வேண்டும், மூச்சு இருந்தால் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். நலோக்சோன் போட்டுக் கண் விழித்தாலும் ஆளைத் தனியே விடக் கூடாது. அந்த மருந்தின் வேகம் ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், உள்ளே போன சரக்கு அதற்குப் பிறகும் வேலை செய்யலாம். ‘நலோக்சோன்’ பெயரைத் தமிழாக்க வேண்டாம். கடையில் கேட்டால் கிடைக்க வேண்டிய பெயர் அது.

அப்புறம், ஊசி கொடுப்பது சட்டப்படி சரியா என்று கேட்டவருக்கு: 2017ஆம் வருஷத்து எச்.ஐ.வி. சட்டத்தின் 22ஆம் பிரிவு, மத்திய அரசின் வழிகாட்டுதல்படி செய்யும், தொற்றைத் தடுப்பதற்கான இத்தகைய வேலைகளைக் குற்றமாகக் கொள்ளக் கூடாது என்கிறது.

திருத்திய துண்டறிக்கை சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மாற்றுச் சொல் இருந்தால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள். அந்தப் பையனிடமும் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.