துப்பறியும் நிருபர் கதைகளில் காணாமல் போகும் வேலை

கேள்வி கேட்டவர்:

நிருபர் ஒருவர் பெரிய நிறுவனத்தின் அட்டூழியத்தை அம்பலப்படுத்தும் த்ரில்லர்களில் பாதிக் கதை நள்ளிரவுக் கார் நிறுத்துமிடத்திலேயே நடந்து முடிகிறது. முகம் காட்டாத ஆள் வருவார், ஒரு உறையைக் கொடுப்பார், மறுநாள் தலைப்புச் செய்தி. நிஜத்தில் அந்த உறைக்குள் இருக்கும் தாள்கள் எங்கிருந்து வருகின்றன? இந்த வேலை தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் கத்தோலிக்கக் குருக்கள் சிறுவர்களிடம் அத்துமீறியதைத் திருச்சபை மூடி மறைத்த விவகாரத்திலிருந்து தொடங்கலாம்.

தரவு பார்ப்பவர்:

பாஸ்டனில் பெரிய தடயம் மறைமாவட்டமே (ஆயரின் கீழ் வரும் திருச்சபை நிர்வாகப் பகுதி) ஆண்டுதோறும் அச்சிட்டு வெளியிட்ட கையேட்டில் இருந்தது. எந்தக் குருவானவர் எந்தப் பங்கில், அதாவது எந்த ஊர்க் கோவில் பொறுப்பில், இருக்கிறார் என்ற வெறும் பட்டியல் அது. அதை யாரும் ரகசியமாக நினைக்கவே இல்லை. 2001இல் பாஸ்டன் குளோப் பத்திரிகையின் புலனாய்வுப் பிரிவான ஸ்பாட்லைட் குழு பழைய கையேடுகளை வரிசையாக எடுத்து உட்கார்ந்தது. குற்றச்சாட்டு இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த குருக்களின் பெயருக்கு எதிரே, அவர்கள் திடீரென்று மாற்றப்பட்ட ஆண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்கள். ‘நோய் விடுப்பு’, ‘பணி ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பவர்’ என்ற மாதிரிச் சொற்கள். அடுத்து, அதே சொற்கள் வேறு யார் யார் பெயருக்கு எதிரே வருகின்றன என்று தலைகீழாகத் தேடினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் தேறின. குழுவில் இந்தக் கணினி வேலையைச் செய்தவர் மாட் கரோல்.

அட்டவணை போடும்போது ஒரு ஆளுக்கு ஒரு வரி என்று போட்டால் பின்னால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரு ஆளுக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் தனி வரி வேண்டும். பெயர், ஆண்டு, பங்கு, ஊர், பொறுப்பு, நிலை, கையேட்டின் பக்க எண், இவை ஏழும் நெடுவரிசைகள். ‘நிலை’ என்ற கட்டத்தில் கையேட்டில் உள்ள சொல்லை எழுத்து மாறாமல் போடுங்கள். எல்லாவற்றையும் ‘விடுப்பு’ என்று நீங்களே சுருக்கிவிட்டால் எந்தச் சொல் எந்த ஆண்டில் புழக்கத்துக்கு வந்தது என்பதே தெரியாமல் போகும். பக்க எண்ணை இன்று சோம்பலில் விட்டால் வழக்கறிஞர் கேட்கும் நாளில் எல்லாக் கையேட்டையும் மறுபடி புரட்ட வேண்டியதுதான்.

தவறு வரும் இடங்கள்: ஒரே பெயரில் இரண்டு மூன்று குருக்கள் இருப்பார்கள். கையேடு அச்சுக்குப் போன பிறகு நடந்த மாற்றல் அடுத்த ஆண்டுப் பதிப்பில்தான் ஏறும், ஆகவே ஓராண்டு முன்பின் வரும். துறவற சபைக் குருக்களின் மாற்றல் அவரவர் சபைத் தலைவர் கையில் இருப்பதால் மறைமாவட்டப் பட்டியலை மட்டும் நம்பினால் அவர்கள் நழுவிவிடுவார்கள். எல்லாவற்றையும் விட முக்கியமானது, நோய் விடுப்பில் போனவர்களில் உண்மையாகவே நோயாளிகளும் இருப்பார்கள். இந்தப் பட்டியல் யாரை விசாரிக்க வேண்டும் என்று மட்டுமே சொல்லும். இதை வைத்து ஒரு பெயரையும் அச்சிட முடியாது. கதைகளில் திரையில் பட்டியல் ஓடியதும் நிருபர் துள்ளிக் குதிப்பார். உண்மையில் அன்றைக்குத்தான் வேலையே தொடங்குகிறது.

நீதிமன்றச் செய்தி எழுதுபவர்:

கையேட்டுக்கு முன்பே இன்னொரு தாள் இருந்தது, அதையும் யாரும் திருடவில்லை. முன்னாள் குரு ஜான் கேகன் மீதான வழக்குகளில் 2001 கோடையில் மறைமாவட்டத் தலைவரான கர்தினால் பெர்னார்ட் லா தாக்கல் செய்த பதில் மனு. கேகன் சிறுவர்களிடம் அத்துமீறியதாக 1984லேயே தனக்குத் தகவல் வந்ததை அதில் ஒப்புக்கொண்டிருந்தார். வழக்கமான சட்ட நடையில், பத்தி பத்தியாக ‘ஏற்கிறோம், மறுக்கிறோம்’ என்று போகும் மனு. அவற்றில் ‘ஏற்கிறோம்’ என்று வரும் பத்திகளை மட்டும் தனியே எடுத்து வாதியின் மனுவோடு எண் பொருத்திப் படிக்க வேண்டும். பதில் மனுவைத் தனியாகப் படித்தால் எதை ஏற்கிறார்கள் என்றே விளங்காது, பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேகன் மீது 84 வழக்குகள். ஆவணங்களில் பெரும்பகுதி நீதிமன்ற உத்தரவால் மூடப்பட்டுக் கிடந்தது. மயாமியிலிருந்து வந்து ஜூலை 2001இல் குளோபின் ஆசிரியர் பொறுப்பேற்ற மார்ட்டி பேரன், முத்திரையை நீக்கக் கோரி மனுப் போடச் சொன்னார். ஆகஸ்டில் மனு, நவம்பரில் நீதிபதி கான்ஸ்டன்ஸ் ஸ்வீனியின் உத்தரவு, மேல்முறையீட்டிலும் அது நின்றது, ஜனவரி 2002 கடைசியில் தாள்கள் வெளியே வந்தன. நடுவில் செப்டம்பர் 11 தாக்குதல் வேறு, குழு முழுவதும் அந்தச் செய்திக்குப் போய்விட்டது.

முத்திரை நீங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. மூடியிருப்பது ஒரு வழக்கின் ஒரு பகுதிதான். மனுக்களோடு இணைப்பாக வைக்கப்பட்ட தாள்கள், தள்ளிவைப்புக் கோரிக்கைகள், வழக்கு நாட்குறிப்பு (எந்த நாளில் எந்தத் தாள் தாக்கலானது என்ற எண்ணிட்ட பட்டியல்) இவையெல்லாம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். முதலில் வழக்கு நாட்குறிப்பு முழுவதையும் நகலெடுங்கள். அதில் இருக்க வேண்டிய வரிசை எண் கோப்பில் இல்லையென்றால் எழுத்தரிடம் அந்த எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ‘கேகன் கோப்பைக் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். இதை முதலில் தொட்டது குளோப் இல்லை. அதே ஊரின் வாரப் பத்திரிகை பாஸ்டன் ஃபீனிக்ஸில் கிறிஸ்டன் லொம்பார்டி மார்ச் 2001இலேயே விரிவாக எழுதினார். குளோபின் பத்தியாளர் ஐலீன் மெக்நமாரா ஜூலையில், மூடிக் கிடக்கும் ஆவணங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். கதாநாயகர் ஒருவரே எல்லாவற்றையும் கண்டுபிடிப்பது கதைக்கு வசதி, அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:

வழக்கே போடாமல் பணம் கொடுத்து முடித்தவை?

நீதிமன்றச் செய்தி எழுதுபவர்:

அவை நீதிமன்றத்தில் தடமே விடாது. பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் திருச்சபை போன்ற அறக்கட்டளை அமைப்புகளின் இழப்பீட்டுப் பொறுப்புக்குச் சட்டமே 20,000 டாலர் உச்சவரம்பு வைத்திருந்தது. வழக்கு நடத்தினால் பெரிதாகக் கிடைக்காது என்பதால் வாய் திறக்காத ஒப்பந்தத்துடன் பணம் வாங்கிக்கொள்வதே லாபம் என்று வழக்கறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். முந்தைய பத்தாண்டுகளில் குறைந்தது 70 குருக்கள் மீதான புகார்கள் இப்படி ஓசையில்லாமல் தீர்க்கப்பட்டதாகக் குளோப் ஜனவரி 31, 2002 அன்று எழுதியது. இதற்கு ஒரே வழி, கையேட்டில் தேறிய பெயர்களை எடுத்துக்கொண்டு இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் தனித்தனியாக நடப்பது. ‘யார் யார்?’ என்று கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டி வாயை மூடிக்கொள்வார்கள். உங்கள் பட்டியலை வைத்துவிட்டு ‘இதில் தவறான பெயர் உண்டா?’ என்று கேட்டால் சிலர் பேசுவார்கள். ஆனால் ஒருவர் மௌனமாக இருந்ததை மட்டும் ‘ஆம்’ என்று எழுதிக்கொள்ளாதீர்கள். பெயர் ஒவ்வொன்றுக்கும் வாய்மொழியாகத் தெளிவான பதில், அதன்மேல் இன்னொரு தனி ஆதாரம் வேண்டும்.

மருத்துவச் செய்திகள் பார்ப்பவர்:

தாளே இல்லாத விவகாரத்தில் பொருளைத்தான் சோதிக்க வேண்டும். ருமேனியா நல்ல உதாரணம். அக்டோபர் 30, 2015 இரவு புகாரெஸ்டில் கோலெக்டிவ் என்ற இசை விடுதி தீப்பிடித்தது. மொத்தம் 64 பேர் இறந்தார்கள். அன்றிரவு இறந்தவர்களை விட, பின்பு மருத்துவமனைகளில் இறந்தவர்களே அதிகம். மருத்துவமனையில் கிருமித் தொற்று ஏன் பரவியது என்று நோண்டியது காசெட்டா ஸ்போர்டுரிலோர் என்ற விளையாட்டு நாளேடு! கட்டலின் டொலொன்டானும் அவர் குழுவும் 2016 ஏப்ரலில் வெளியிட்டது இதுதான்: ஹெக்ஸி ஃபார்மா என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுக்கு விற்ற கிருமிநாசினி, லேபிளில் போட்டிருந்ததை விடப் பல மடங்கு நீர்த்திருந்தது. சுகாதார அமைச்சரோ 95 சதவீத மாதிரிகள் சரியாக இருப்பதாக அறிவித்தார். மே மாதம் அவர் பதவி விலகினார். அதே மாதம் நிறுவன உரிமையாளர் கார் விபத்தில் இறந்தார்.

கிருமிநாசினி விஷயத்தில் ஒரு மாதிரி எடுத்தால் போதாது. திறக்காத கேனிலிருந்து ஒன்று, வார்டில் கலந்து வைத்த பாத்திரத்திலிருந்து ஒன்று. வார்டு மாதிரி மட்டும் பலவீனமாக வந்தால் ‘மருத்துவமனைதான் தண்ணீர் கூட்டிவிட்டது’ என்று நிறுவனம் கைகழுவும். கேன் மாதிரியும் பலவீனமென்றால் அந்தச் சாக்குப் போச்சு. தொகுதி எண், காலாவதி நாள், மூடி முத்திரை மூன்றும் தெரியும்படி படம் எடுத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரித்து ஒரு பங்கை ஆய்வகத்துக்கு அனுப்பி மற்றதைப் பூட்டி வையுங்கள், மறுப்பு வந்தால் வேறு ஆய்வகத்துக்கு அதுதான் போகும்.

ஆய்வகத்திடம் ‘இது நல்லதா?’ என்று கேட்காதீர்கள். ‘செயல்படு பொருள் (கிருமியைக் கொல்லும் வேதிப்பொருள்) எத்தனை சதவீதம்?’ என்று கேளுங்கள். தரையைத் துடைத்து எடுத்த மாதிரியில் கிருமி வளரவில்லை என்றால் அன்றைக்கு அந்தத் தரை சுத்தம் என்றுதான் பொருள். கேனுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அது பதிலே அல்ல. அதிகார அறிக்கைகள் இந்த இரண்டையும் குழப்பித்தான் நிம்மதி தருகின்றன. எழுதுகிறவர் எந்த வகைச் சோதனை என்று கேட்காவிட்டால் குழப்பத்துக்குத் துணைபோனவர் ஆவார்.

செய்தி மேசையில் இருப்பவர்:

வெளியான பிறகு என்ன என்பதைக் கதைகள் சொல்வதே இல்லை. பாஸ்டன் விவகாரத்தில் ஜனவரி 6, 2002 அன்று வந்த முதல் ஸ்பாட்லைட் செய்தியோடு குளோப் தொலைபேசி எண்ணையும் போட்டது. அழைப்புகள் கொட்டின. நான்கு பேர் குழுவை எட்டுப் பேராக்கினார்கள். அந்த ஆண்டில் மட்டும் இதைப் பற்றி ஏறத்தாழ 600 செய்திகள் வந்தன. டிசம்பரில் கர்தினால் லா பதவி விலகினார். மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2003 அறிக்கை குறைந்தது 789 பேர் புகார் செய்திருந்ததாகக் கணக்குக் காட்டியது.

எண்ணை அச்சிடுவதற்கு முன்பே அழைப்புப் படிவம் தயாராக இருக்க வேண்டும். யார், எந்தப் பங்கு, எந்த ஆண்டு அல்லது எந்த வகுப்பில் படித்தபோது, அப்போது யாரிடம் சொன்னார், எழுத்தில் புகார் போனதா, பதில் கடிதம் இருக்கிறதா. நடந்த சம்பவத்தின் விவரத்தை முதல் அழைப்பில் கேட்கவே வேண்டாம். வீடு, பள்ளி, வருடம் கிடைத்தால் கையேட்டு அட்டவணையோடு ஒப்பிட்டுவிடலாம். அந்த ஆண்டு அந்தக் குரு அந்தப் பங்கில் இருந்தாரா என்று. பொருந்தாவிட்டால் உடனே பொய் என்று முடிவுகட்டாதீர்கள், குழந்தைக்கால நினைவில் ஆண்டு ஒன்றிரண்டு நகர்வது இயல்பு. முதல் நற்கருணை (கத்தோலிக்கக் குழந்தைகள் சிறுவயதில் பெறும் சடங்கு) வாங்கியதற்கு முன்பா பின்பா என்று கேட்டால் நேராகிவிடும். பெயர் போடலாமா என்பதை அழைப்பின்போதும், அச்சுக்கு முந்தைய நாளும், இரண்டு முறை கேட்டு எழுதி வையுங்கள்.

எதிர்த் தரப்பின் பதிலுக்கும் ஒரு முறை உண்டு. கேள்விகளை எண்ணிட்டு, நாளும் நேரமும் குறித்து எழுத்தில் அனுப்ப வேண்டும். பாஸ்டன் மறைமாவட்டத்தின் பேச்சாளர், கேள்விகள் என்ன என்று தெரிந்துகொள்ளவே விருப்பமில்லை என்றார். குளோப் அந்தப் பதிலையும் அச்சிட்டது.