புதுப்பிப்பு: இரண்டு கடைக்கும் ஒரே சம்பள இலக்கா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளில் உள்ள எங்கள் கடைகள் இரண்டுக்கும் விற்பனையில் ஒரே சதவீதத்தைச் சம்பள இலக்காக வைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டாம் என்றீர்கள், தனித்தனியாகப் பிரித்தாயிற்று.

சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாற்றுகிறது. தீபாவளி வாரத்தில் விற்பனை ஏறியதும் அது தானாக இறங்குகிறது, ஜனவரியில் யாருக்கும் கூடுதல் மணிநேரம் தராமலே ஏறுகிறது. அதனால் ஒரு வேலைமணிக்கு எவ்வளவு விற்பனை என்பதையும் வாராவாரம் எழுதுகிறோம். ஞாயிறு மணிகளுக்குத் தனிப் பத்தி. வழக்கமாக ஞாயிறு வருபவருக்கு ஒன்றரை மடங்கு, மற்றவருக்கு இரட்டைச் சம்பளம் அல்லவா! குறைந்தபட்சக் கூலியும் ஆண்டுதோறும் மார்ச்சில் மாறும் (2025இல் மணிக்கு 28.79 ராண்ட்), அப்போது இலக்கையும் திருத்துவோம்.

காசாளரைக் குறைக்கச் சொன்ன அண்ணாவுக்கு: மக்களுக்கு அரசு உதவித்தொகை வரும் நாட்களில் நீளும் வரிசையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.