மூத்த அதிகாரிகள் சங்கம்: மனத்தை விட்டு அகலாத ஒரு சந்திப்பு

ஓய்வூதியரின் மகள், மயிலாப்பூர்

எஸ்-29 ஊதிய விகிதத்தில் ஓய்வு பெற்ற மத்திய அரசு உயர் அதிகாரிகள் குறைவான ஓய்வூதியத்தை எதிர்த்து நடத்திய வழக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் தந்தை அந்த 18,400–22,400 ஊதிய விகிதத்தில் 2001-இல் ஓய்வு பெற்றவர். ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அவருடைய அடிப்படை ஓய்வூதியம் 23,700 ரூபாய் என்று வந்தது. அது 27,350 ஆக இருக்க வேண்டும் என்றும், ஓய்வூதியத்தை நிர்ணயித்த 2008 செப்டம்பர் அரசுக் குறிப்பாணையின் பொருளை அடுத்த மாதமே வந்த விளக்கக் குறிப்பு மாற்றிவிட்டது என்றும் அவருடைய நண்பர்கள் சொன்னார்கள். எங்கள் பகுதியில் இயங்கிய, ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகளின் சிறிய சங்கம் ஒன்று டெல்லியில் நடக்கும் வழக்குக்கு உதவியாக ஆயிரம் ரூபாய் கேட்டுக் கடிதம் எழுதியது. அப்பா கொடுக்கவில்லை. "முப்பத்தைந்து வருஷம் அரசாங்கத்தின் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவன் நான், எதிர்ப்பக்கம் போய் உட்கார மாட்டேன்" என்று சொல்லிக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார்.

2011-இன் தொடக்கத்தில் அவர் காலமானார். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, அரசு ஊழியர்களின் பணி வழக்குகளை விசாரிக்கும் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் முழு அமர்வு, டெல்லியில் வழக்குத் தொடுத்த ஓய்வூதியர் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2013 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஜூலையில் அரசின் மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் 2006 முதலான நிலுவையைத் தரும் ஆணை 2015 ஜூலை 30 அன்றுதான் வந்தது. அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் 14,220-க்குப் பதிலாக 16,410 என்று கணக்கிடப்பட்டு, அப்பாவுக்குச் சேர வேண்டிய ஐந்து ஆண்டு நிலுவையும் சேர்ந்து வங்கிக் கணக்கில் வரவானது.

அன்று மாலையே அம்மா என்னை அழைத்துக்கொண்டு அந்தச் சங்கத்துக்குப் போனார். மந்தைவெளியில் ஒரு வீட்டின் முன்னறைதான் அலுவலகம். எண்பது வயதைத் தாண்டிய செயலாளர் ஒருவர் நீளமான பேரேட்டைப் பிரித்து, விரலை மேலிருந்து கீழாக நகர்த்தி, அப்பாவின் பெயரில் நிறுத்தினார். பெயருக்கு எதிரே தொகை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அம்மா ஆயிரம் ரூபாயை எடுத்து மேசை மேல் வைத்தார். அவர் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் தாளைச் சரிசெய்துகொண்டு, "யார் பெயரில் எழுதட்டும் அம்மா?" என்று கேட்டார். அம்மா வெகுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு தன் பெயரைச் சொன்னார்.

அப்பாவின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று நான் இதுவரை அவரிடம் கேட்கவில்லை. பேரேட்டில் அந்தக் கட்டம் இன்றும் காலியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

பணியில் உள்ள அதிகாரி, குரூப் ஏ

சகோதரி, உங்கள் தாயார் செய்தது பெரிய செயல். ஆனால் உங்கள் தந்தையின் வாதத்தை நான் ஏற்கவில்லை. கீழ்நிலை ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனைக் குழு, அதாவது ஜே.சி.எம்., இருக்கிறது, அவர்களுடைய பிரதிநிதிகள் அரசோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேச முடிகிறது. உயர்நிலையில் உள்ள குரூப் ஏ அதிகாரிகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். எங்களுக்குச் சங்கமும் மனுவும், கடைசியில் தீர்ப்பாயமும்தான் வழி. அந்த வழியில் போவதை அரசுக்கு எதிரான செயல் என்று கருதினால், எங்கள் குறையைச் சொல்ல இடமே இல்லாமல் போய்விடும்.

என் அனுபவம் ஏழாவது ஊதியக் குழுக் காலத்தில் நேர்ந்தது. எங்கள் பணிப் பிரிவின் சங்கம் என்.எஃப்.யூ. என்ற ஊதியச் சலுகை குறித்து மனு தயாரித்தது. 2009 ஏப்ரல் ஆணைப்படி, ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் மத்திய அரசில் ஒரு நிலைக்கு வந்துவிட்டால், அவரைவிட இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ மூத்த மற்றப் பணி அதிகாரிகளுக்கு, பதவி கிடைக்காவிட்டாலும் அந்த நிலையின் ஊதியம் கிடைக்கும். அதைக் காப்பாற்ற வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

குழுவைச் சந்திப்பதற்கு முன் ஓர் ஒத்திகை வைத்தோம். ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து, குழுவினர் கேட்கக்கூடிய கேள்விகளைக் கேட்டுக்கொண்டே வந்தார். "நேற்று செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறீர்கள். அதே அறை, அதே கோப்பு. நாளை முதல் கூடுதல் சம்பளம் எதற்கு?" என்று அவர் கேட்டபோது, பதினோரு பேர் இருந்த அந்த அறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் எழுதிய மனு முழுவதும் ஐ.ஏ.எஸ்.-க்கு என்ன கிடைக்கிறது என்பதையே பேசியது. நாங்கள் என்ன செய்கிறோம் என்பதற்கு அதில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படவில்லை. அன்றிரவே உட்கார்ந்து அந்தப் பகுதியை எழுதிச் சேர்த்தோம்.

2015 நவம்பரில் அறிக்கை வந்தது. தலைவர் நீதிபதி ஏ.கே. மாத்தூர் என்.எஃப்.யூ. தொடர வேண்டும் என்றார். உறுப்பினர்கள் விவேக் ரே, ரதின் ராய் இருவரும் அதை நீக்க வேண்டும் என்று தனியே எழுதியிருந்தார்கள். சலுகை நீடித்தது. இப்போது நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது குழுவுக்கு மனு எழுதும் வேலையில், அந்த மூத்தவரின் கேள்வியைத்தான் முதல் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.

முன்னாள் சுருக்கெழுத்தர்

மேலே எழுதிய ஐயாவுக்கு ஒரு சொல். ஒரே மேசையில் உட்காருவதாகச் சொல்கிறீர்கள். மேசையின் மறுபுறம் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்களைப் போன்ற மூத்த அதிகாரிகள்தான் அங்கே அரசின் சார்பில் உட்காருகிறார்கள்.

ஏழாவது ஊதியக் குழு மனுக்களைப் பெற்றுக்கொண்டிருந்த காலம். அதிகாரிகள் சங்கம் ஒன்றின் மனுவை அலுவலக நேரம் முடிந்த பிறகு தட்டச்சு செய்து தரும்படி என் அதிகாரி கேட்டார். நல்ல மனிதர், தம் கைப்பணத்திலிருந்து எனக்கு ஊதியம் கொடுத்தார், தினமும் இரவு எட்டு மணிக்குச் சிற்றுண்டியும் வாங்கி வைத்தார். மனு அறுபது பக்கத்துக்கு மேல் போனது. நாற்பதாம் பக்கத்தை ஒட்டி ஒரு பத்தி வந்தது. கடைநிலை ஊழியரின் சம்பளத்துக்கும் அரசுச் செயலாளரின் சம்பளத்துக்கும் இடையிலுள்ள விகிதம் குறைந்துகொண்டே வந்துவிட்டது என்றும், பொறுப்பின் மதிப்பு விளங்க வேண்டுமானால் அந்த இடைவெளி அதிகமாக வேண்டும் என்றும் அதில் இருந்தது. தம்முடைய சம்பளம் உயர வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது. இடைவெளியையே ஒரு கோரிக்கையாக எழுதியிருந்தார்கள்.

கையெழுத்துப் பிரதியில் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடுகள் இழுத்து, "அழுத்திச் சொல்ல வேண்டும்" என்று குறித்திருந்தார்கள். அந்தப் பென்சில் கோடுகள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. ஆறாவது குழுவுக்குப் பிறகு தொடக்கச் சம்பளம் 7,000, செயலாளரின் சம்பளம் 80,000. ஏழாவதில் 18,000-மும் 2,25,000-மும் ஆயின. வகுத்துப் பாருங்கள்: பதினொன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்தது பன்னிரண்டரை மடங்காக உயர்ந்திருக்கிறது.

கணக்கு அலுவலர் (ஓய்வு), திருச்சி

என் கதை சிறியது. இடமாற்றத்தில் எனக்கு அநியாயம் நடந்தது என்று எங்கள் அதிகாரிகள் சங்கத்திடம் போனேன். தலைவர் என் மனுவை ஒருமுறை படித்துவிட்டு, தனி ஒருவரின் பணி விவகாரத்தைச் சங்கம் எடுத்துப் பேச விதியில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கோபத்தோடு வீட்டுக்கு வந்து ஊழியர் சங்கங்களுக்கான 1993-ஆம் ஆண்டின் அங்கீகார விதிகளைப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

அன்று தொடங்கிய படிப்பு என்பதால் இங்கே உள்ள இளையவர்களுக்குச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு வகை ஊழியர்களில் குறைந்தது 35 விழுக்காட்டினர் உறுப்பினராக இருந்தால்தான் அங்கீகாரம். அப்படி ஒரு சங்கம் இருக்கும்போது, அதற்கு அடுத்த பெரிய சங்கம் 15 விழுக்காடு காட்டினாலும் பெறலாம். சந்தாவைச் சம்பளத்திலிருந்து பிடித்தம் செய்ய எழுதிக் கொடுத்தவர்களின் எண்ணிக்கையை வைத்தே இந்தக் கணக்கு சரிபார்க்கப்படுகிறது. ஆகவே சந்தாவைக் கையில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும் பழக்கத்தால், பணியில் உள்ளவர்களின் சங்கத்துக்கு நட்டமே மிஞ்சும். ஊதியக் குழுவுக்கு மனு கொடுப்பது வேறு, நாடாளுமன்ற உறுப்பினரிடம் போய்ச் சொந்தக் காரியத்துக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குவது வேறு. இரண்டாவது, அரசு ஊழியர் நடத்தை விதி 20-ஐ மீறுவதாகும். தீர்ப்பாயத்துக்குப் போவதானால் பாதிக்கப்பட்ட ஒருவராவது சங்கத்தோடு சேர்ந்து மனுதாரராக இருக்க வேண்டும். இறுதி ஆணை வந்த ஓராண்டுக்குள் போய்விட வேண்டும். செயற்குழுத் தீர்மானத்தை அன்றைய தேதியிலேயே குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். தீர்மானம் பின்னால் எழுதப்பட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

முதலில் எழுதிய அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பான நகாரா வழக்கின் முதல் மனுதாரர், பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972-இல் ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுதும் அரசின் பக்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்தான் அவரும். 1979 மார்ச் 31-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய கணக்கு பொருந்தாது என்று அரசு இழுத்த கோட்டை அவர்தான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். ஓய்வூதியம் கருணையால் தரப்படுவதல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியது. உங்கள் தந்தை அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார் என்றே நினைக்கிறேன். அப்படியிருந்தும் அவர் மறுத்தார் என்றால் அது அவருடைய மனச்சாட்சி. அதைத் தவறு என்று பணியில் உள்ள அதிகாரி சொன்னது எனக்கு உவப்பாக இல்லை.

பணியில் உள்ள அதிகாரி, குரூப் ஏ

பெரியவர் சொன்னதை ஏற்கிறேன். வாதத்தை மறுக்கும் வேகத்தில் மனிதரைப் பற்றிப் பேசிவிட்டேன். சுருக்கெழுத்தர் ஐயாவுக்கும் பதில் சொல்ல வேண்டும். விகிதம் பற்றிய அப்படி ஒரு பத்தி எங்கள் மனுவிலும் இருந்தது. எழுதியவன் நான். அதைத் தட்டச்சு செய்தவர் என்ன நினைத்திருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அவர் பெயரும் இப்போது நினைவில் இல்லை.

ஓய்வூதியரின் மகள், மயிலாப்பூர்

சுருக்கெழுத்தர் ஐயா, அந்தப் பத்தியை என்ன செய்தீர்கள்? அதிகாரியிடம் ஏதாவது சொன்னீர்களா?

முன்னாள் சுருக்கெழுத்தர்

அம்மா, சொல்லவில்லை. அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டுக் கீழே போய்த் தேநீர் குடித்தேன். திரும்பி வந்து, அவர்கள் எழுதியபடியே அடித்து, அழுத்திச் சொல்ல வேண்டும் என்று குறித்திருந்ததால் அந்தப் பத்தியைத் தடித்த எழுத்தில் அமைத்துக் கொடுத்தேன். மறுநாள் காலை படித்துப் பார்த்த அதிகாரி, பக்க அமைப்பு நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்.