தொடைத் தோலைக் குதிகாலில் ஒட்டி 5 மாதம், இன்னும் தடிக்கவில்லை. ஏன்? (சுங்கை சிப்புட், மலேசியா)

செம்பனை_வரிசை:
அப்பாவுக்கு 52 வயது, தோட்டத்தில் குலை வெட்டுகிறார். குதிகாலில் ஆழமான தீக்காயம். தொடையில் மெல்லிசாகத் தோல் சீவி ஒட்டினார்கள். சீவிய இடம் 2 வாரத்தில் ஆறிடுச்சு. ஒட்டின தோல் மட்டும் வெங்காயச் சருகு மாதிரி இருக்கு. வேர்க்கவே இல்லை. பூட்ஸ் போட்டு நடந்தால் ஓரத்தில் வெடிக்குது. போகப் போகப் பாதத் தோலாக மாறுமா? இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இல்லை.

உள்தோல்:
முழுசாக மாறாது. மேல்தோலின் ஸ்டெம் செல் (புதுத் தோலை உருவாக்கும் மூலச் செல்), என்ன தோலாக வளரணும் என்பதைப் பெரும்பாலும் அடியிலிருக்கும் உள்தோலைக் கேட்டுத்தான் நடக்கும். உள்ளங்கால் உள்தோலிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் (உள்தோல் நாரை நெய்பவை) டிகேகே1 என்ற புரதத்தை நிறையச் சுரக்கும். அது விண்ட் என்ற, செல்களின் வளர்ச்சியை நடத்தும் சிக்னலை அடக்கும். அதனால் நிறமி குறையும், மேல்தோல் தடிக்கும், உள்ளங்கை, உள்ளங்காலுக்கே உரிய கெராட்டின் 9 என்ற புரதம் உருவாகும். (நம்மவர்களுக்கு உள்ளங்கை வெளுத்திருக்கிறதே, அதற்கும் இதில் பங்கு உண்டு.)

அப்பாவுக்கு அந்த உள்தோல்தான் எரிஞ்சுபோச்சு. இப்போ அடியில் இருப்பது தழும்புத் திசு. கூடவே வந்ததும் தொடை உள்தோலில் ஒரு சீவல்தான். பாதத் தோலாகு என்று சொல்ல அங்கே ஆளில்லை.

ரப்பர்_பால்:
ஒரு திருத்தம். உள்ளங்கால் உள்தோல் கொஞ்சமாவது தப்பியிருந்தால், அதன் மேல் உட்கார்ந்த தொடைத் தோலும் கெராட்டின் 9 பக்கம் திரும்பும். அதனால் ஒரேயடியாக முடியாது என்று சொல்லாதீங்க.

செம்பனை_வரிசை:
அப்போ தொடை மட்டும் எப்படி ஆறுச்சு, அண்ணே?

உள்தோல்:
கத்தி 0.2 முதல் 0.4 மி.மீ. ஆழம்தான் போகும். முடி வேரும் வேர்வைச் சுரப்பியும் கீழேயே தங்கிடும். அங்குள்ள ஸ்டெம் செல்கள் காயத்தின் சேதி கிடைத்ததும் மேலே ஏறி, முடியாக வேண்டியவை மேல்தோலாக மூடும். ஒட்டின சீவலில் அந்தச் சுரப்பிகள் வராததால்தான் குதிகால் வேர்க்காமல் காய்ஞ்சு கிடக்கு.

ரப்பர்_பால்:
வெடிப்பு வருவது தடித்த பழைய தோலும் மெல்லிய தோலும் சேரும் கோட்டில்தான். அங்கே காய்ப்பு ஏறினால் விறைச்சு, நடக்கும்போது மெல்லிய பக்கத்தைக் கிழிக்கும். 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, காய்ப்பை மட்டும் கால் தேய்ப்பானால் லேசாகத் தேயுங்க. பிளேடு வேண்டாம். காய்ப்பின் மேல் 10–20% யூரியா கிரீம், வெடிப்பில் படாமல். உரக் கொட்டகை யூரியா இல்லை, ஃபார்மசியில் கேளுங்க! ஒட்டின தோலுக்கு வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், தினம் 2–3 தடவை.

பூட்ஸுக்குள் மெத்தென்ற இன்சோல், பருத்திக் காலுறை. காலுறை நனைஞ்சதும் மாத்தணும். ஒட்டின இடத்தில் உணர்ச்சி குறைவு, உள்ளே கிடக்கும் செம்பனை முள்கூடத் தெரியாது. தினமும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போடச் சொல்லுங்க. வெடிப்பு 2 வாரத்தில் மூடவில்லை என்றாலோ, சீழ், நாற்றம் வந்தாலோ கிளினிக் போயிடுங்க. எத்தனை வருஷம் கழிச்சு இந்தத் தழும்பில் ஆறாத புண் வந்தாலும் சதை எடுத்துச் சோதிக்கணும், அரிதாகப் புற்றுநோயாகும்.